பூனை முடியும் நம் பெண் பிள்ளைகளும்

திருமலைக்குப் போகிறவர்கள் கல்யாணக் கட்டாவில் முடி இறக்குகிறார்கள். ஆண்களும் இறக்குகிறார்கள். பெண்களும் இறக்குகிறார்கள். அந்த முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. கோடிக்கணக்கில் பணம் வருகிறது. நீளமான முடி கடல் தாண்டிப் போகிறது. அங்கே பெண்கள் தலையில் வைக்கும் 'விக்' ஆகிறது.

தலைமுடிக்கு அவ்வளவு மதிப்பு. அதே முடி ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் மேல் உதட்டில் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தால்? வகுப்பில் "மீசைக்காரி" என்று பட்டப்பெயர் வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்த அத்தை, "இவளுக்கு என்ன கையெல்லாம் இப்படி இருக்கு? நாளைக்கு யார் கட்டிக்குவான்?" என்கிறார்.

அந்தப் பெண் பதில் பேசுவதில்லை. சித்தூர் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறாள். எழுந்து நின்று படிக்கச் சொன்னால் வாயைக் கையால் மறைக்கிறாள். கபடி ஆட மாட்டேன் என்கிறாள். வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள். காரணத்தை மட்டும் சொல்வதில்லை. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2024 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. சீதாபூர் மாவட்டத்து மாணவி ஒருத்தி 600-க்கு 591 மதிப்பெண் வாங்கினாள். மாநிலத்திலேயே முதலிடம். அவள் படம் வெளியானது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு, முகத்தில் இருந்த முடியைப் பற்றிப் பலர் செல்போனில் கேலி எழுதினார்கள். ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்திருந்தால் இந்தக் கேலியே வந்திருக்காது என்று அந்தப் பிள்ளை சொல்லும்படி ஆயிற்று. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. ஊர் பேசியதே போதும்.

உடம்பில் முடி ஏன் வளருகிறது? உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்களைத் தவிர உடம்பு முழுவதும் முடி வேர்கள் இருக்கின்றன. சுமார் 50 லட்சம் வேர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பிறக்கும்போதே அவை உண்டு. சின்ன வயதில் முடி மெல்லியதாக, நிறம் வெளுத்து இருக்கும். அதைத்தான் நாம் பூனை முடி என்கிறோம்.

பெண் பெரியவளாகும் பருவத்தில் உடம்பில் சில சுரப்பு நீர்கள் அதிகம் ஊறுகின்றன. இவற்றுக்கு ஹார்மோன் என்று பெயர். ஆண்களுக்கு மீசை முளைக்க வைக்கும் ஹார்மோன் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் ஊறும். அதனால் அக்குளில் முடி வரும். கையில், காலில், உதட்டின் மேல் உள்ள முடி சிலருக்குக் கறுத்துத் தடிக்கும். யாருக்கு எவ்வளவு என்பது பரம்பரையைப் பொறுத்தது. பாட்டிக்கோ அத்தைக்கோ இருந்தால் பேத்திக்கும் இருக்கலாம். மகளை ஏசும் அத்தை முதலில் தன் கையைப் பார்த்துக்கொள்ளலாம்!

மழித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று சொல்கிறார்கள். அது சரியல்ல. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்த்து 1928-இல் எழுதினார். மழிப்பதால் முடி தடிக்கவும் இல்லை, வேகமாக வளரவும் இல்லை. அறுத்த நெல் தாளைத் தொட்டுப் பாருங்கள். குத்துகிறது. தாள் தடித்துவிட்டதா? இல்லை. மெல்லிய நுனி போய்விட்டது, அவ்வளவுதான். முடியும் அப்படித்தான். குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகும் என்பதும் இதே கதைதான். வேண்டுதலுக்கு மொட்டை போடுவது வேறு விஷயம்.

மஞ்சள் பூசினால் முடி வேரோடு போய்விடாது. பழக்கத்துக்குப் பூசினால் தவறில்லை. ஆனால் கல்லால் தேய்க்காதீர்கள். தோல் புண்ணாகும். இன்னொன்று முக்கியம். சிவப்பாக ஆகலாம் என்று சிலர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில க்ரீம்களில் ஸ்டீராய்டு என்ற மருந்து இருக்கிறது. அதை டாக்டர் சொல்லாமல் முகத்தில் நாள்கணக்காகப் பூசினால் தோல் மெலியும், பரு வரும், முகத்தில் முடியும் அதிகமாகும்.

மகள் வாய் திறந்து பேசினால் எப்படிப் பதில் சொல்வது?

"அம்மா, எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?"

"உனக்கு மட்டும் இல்லடி கண்ணு. என் கையைப் பாரு. எனக்கும் உன் வயசிலதான் வந்தது."

"எல்லாரும் சிரிக்கிறாங்க."

"யார் சிரிக்கிறாங்க சொல்லு. நான் டீச்சரைப் பார்த்துப் பேசறேன். உனக்கு எடுக்கணும்னு தோணினா எடுக்கலாம். வேண்டாம்னா அப்படியே இருக்கட்டும்."

இவ்வளவு போதும். "இதெல்லாம் ஒரு விஷயமா, போய்ப் படி" என்று தள்ளிவிட்டால் அவள் அடுத்த முறை சொல்ல மாட்டாள். மகனிடமும் பேசுங்கள். பட்டப்பெயர் வைப்பவர்களில் அவனும் இருக்கலாம்.

எடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். கட்டாயப்படுத்தக் கூடாது. எடுக்க விரும்பினால் மேல் உதட்டுக்கு நூல் போடலாம். கை காலுக்குப் புது ரேசர் போதும். தோலை நனைத்து, சோப்பு நுரை போட்டு மழிக்க வேண்டும். அப்பா, அண்ணன் மழித்த பிளேடு வேண்டாம். அக்கா தங்கைக்கும் தனித்தனி. ரத்தம் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலை போன்ற நோய்கள் பிளேடு வழியே தொற்றலாம். முடி நீக்கும் க்ரீம் சிலருக்குத் தோலைச் சுட்டுவிடும். முதலில் முழங்கைக்குப் பக்கத்தில் கொஞ்சம் தடவி, அட்டையில் போட்டிருக்கும் நேரத்தில் கழுவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

சில சமயம் முடி ஒரு நோயின் அடையாளமாக இருக்கும். முகவாயில், மார்பில், தொப்புளுக்குக் கீழே தடித்த முடி வருகிறது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறது. பரு நிறைய வருகிறது. எடை கூடுகிறது. இவை சேர்ந்து இருந்தால் சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம். 'கட்டி' என்ற பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இது புற்றுநோய்க் கட்டி அல்ல. முதிராத கருமுட்டைப் பைகள் சினைப்பையில் தங்கிவிடுகின்றன. ஹார்மோன் அளவு மாறுகிறது. இது அபூர்வமான நோயும் அல்ல. அனந்தபூரில் ஒரு விடுதிக் கல்லூரியில் 15 முதல் 18 வயதுள்ள 460 பெண்களைச் சோதித்தார்கள். நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இது இருந்தது. அந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. கவனிக்காமல் விட்டால் பின்னால் சர்க்கரை நோய் வரலாம், குழந்தை தரிக்கத் தாமதமாகலாம். உணவு, உடற்பயிற்சி, மருந்து எல்லாம் சேர்ந்து இதைக் கட்டுப்படுத்தும்.

பெரியவளான முதல் ஓரிரு வருடம் மாதவிலக்கு முன்பின் ஆவது சகஜம். அதற்காக மட்டும் பதற வேண்டாம். ஆனால் எட்டு வயதுக்கு முன்பே அக்குளில் முடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சில மாதங்களிலேயே முடி வேகமாகப் பெருகி, குரலும் தடித்தால் உடனே போங்கள்.

முதலில் ஊர் நர்ஸிடம் அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். அவர்கள் சித்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ, திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையில் ஹார்மோன் நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மருந்து கொடுத்தாலும் முடி குறைவது தெரிய ஆறு மாதம் ஆகும். ஒரே மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மகளுக்கு மாதவிலக்கு வந்த தேதிகளை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். நீங்களே எழுதலாம், மகளும் எழுதலாம். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.