ஊதா நிறம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

நாவற்பழம் தின்றவர் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். நாக்கில் ஊதாவாகப் படியும் அந்தச் சாயத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர். கறுப்புத் திராட்சையின் தோலிலும் கத்தரிக்காயின் தோலிலும் கறுப்புக் கவுனி அரிசியின் தவிட்டிலும் இருப்பது இந்த நிறமிக் குடும்பம்தான். கடைகளில் சின்னப் பெட்டியில் அடைத்து விற்கும் புளூபெர்ரிக்கு இவ்வளவு மவுசு வந்ததும் இதனால்தான். மாரடைப்பைத் தடுக்கும், மறதியைப் போக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லிப் பொடியாகவும் மாத்திரையாகவும் சாறாகவும் இதை விற்கிறார்கள். இவற்றில் எதற்குச் சான்று இருக்கிறது, எது வெறும் விளம்பரம் என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் இந்தப் பொடிகளை நம்பி வாங்குபவர்களில் பலர் நோயாளிகள்.

ஆந்தோசயனின்களில் 600-க்கும் மேற்பட்ட வகைகளை வேதியியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். உணவில் பெரும்பாலும் வருபவை ஆறு அடிப்படை மூலக்கூறுகளிலிருந்து உருவானவை. இவற்றின் நிறம் அமிலத்தன்மையைப் பொறுத்து மாறும். நாவற்பழச் சாற்றில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் சிவக்கும், சமையல் சோடா போட்டால் நீலமும் பச்சையும் கலந்த நிறத்துக்குப் போகும். பூக்கள், பழங்களின் இந்த நிறமிகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர். பச்சையம் உள்ளிட்ட தாவர நிறமிகள் பற்றிய ஆய்வுக்காக 1915-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பீட்ரூட்டும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றின் சிவப்பு பீட்டாலைன் என்ற வேறு நிறமியால் வருவது.

ஆந்தோசயனினைப் பிரபலமாக்கியது ‘ஆன்டிஆக்சிடென்ட்’ என்ற பட்டம். சோதனைக் குழாயில் இது ஆக்சிஜனேற்றத்தை நன்றாகத் தடுக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு பழத்துக்கும் மதிப்பெண் போட்டு, ‘ஓராக்’ என்ற பெயரில் அமெரிக்க வேளாண்மைத் துறையே ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. குழாயில் கிடைக்கும் எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, நிறுவனங்கள் அந்த எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி, 2012-இல் அதே துறை அந்தப் பட்டியலைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. இன்றும் அந்த எண்களைப் பெட்டியில் அச்சிட்டு விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

பழத்தைத் தின்ற பிறகு நடப்பது இன்னும் சிக்கலானது. நிறமி அப்படியே ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. நீண்ட காலம் ஆய்வாளர்களைக் குழப்பிய விஷயம் இது: ரத்தத்தில் இவ்வளவு சொற்பமாக இருக்கும் பொருள் எப்படி வேலை செய்யும்? 2013-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு வழி காட்டியது. அடையாளம் காணக்கூடிய கார்பன் அணுக்களைப் பொருத்திய 500 மில்லிகிராம் சயனிடின் நிறமியை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து, ரத்தம், சிறுநீர், மூச்சுக்காற்று எல்லாவற்றிலும் தேடினார்கள். கொடுத்ததில் ஏறக்குறைய 12 சதவீதம் உடம்புக்குள் சேர்ந்திருந்தது தெரிந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி நிறமியாக இல்லை. உடைந்து வேறு சேர்மங்களாக மாறியிருந்தது. குடல் பாக்டீரியாக்களுக்கு இந்த மாற்றத்தில் பெரிய பங்கு உண்டு. குடல் நுண்ணுயிர்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே பழம் இருவருக்கு ஒரே பலனைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இருக்கும் சான்றுகளில் வலுவானவை ரத்தநாளம் தொடர்பானவை. அமெரிக்காவில் 93,600 செவிலியர்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளியானது. அந்தக் காலத்தில் அவர்களில் 405 பேருக்கு மாரடைப்பு வந்தது. ஆந்தோசயனின் மிக அதிகமாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட ஆபத்து 32 சதவீதம் குறைவு. பழம் அதிகம் சாப்பிடுபவர்கள் வேறு வகைகளிலும் உடம்பைப் பேணுபவர்களாக இருக்கலாம். புள்ளிவிவரத்தில் அதற்கு இடம் ஒதுக்கினாலும் ஐயம் முழுதாகத் தீராது.

அதனால்தான் ஆட்களைப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனை தேவைப்படுகிறது. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகக் குழு 2019-இல் வெளியிட்ட சோதனையில், இடுப்புப் பருமன், உயர் ரத்த அழுத்தம் போன்றவை சேர்ந்திருந்த 115 பேர் ஆறு மாதம் பங்கேற்றார்கள். தினமும் ஒரு கப், அதாவது 150 கிராம் புளூபெர்ரிக்குச் சமமான பொடியை உண்டவர்களின் ரத்தநாளங்கள் முன்பைவிட நன்றாக விரிந்தன, விறைப்பும் குறைந்தது. அரைக் கப் அளவுக்கு அந்த மாற்றம் வரவில்லை. எல்லோரும் எதிர்பார்த்த இன்சுலின் செயல்பாட்டில் எந்த அளவுக்குமே முன்னேற்றம் தெரியவில்லை. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் அமெரிக்கப் புளூபெர்ரி விவசாயிகளின் அமைப்பும் உண்டு. அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் வாசகர் அறிந்திருக்க வேண்டிய தகவல் அது.

சர்க்கரை நோய் பற்றி 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை 1,87,382 பேரின் உணவுப் பழக்கத்தை அலசியது. புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிளை முழுப் பழமாக உண்டவர்களுக்கு நோய் வரும் ஆபத்து குறைந்திருந்தது. பழச்சாறு குடித்தவர்களுக்குச் சற்றுக் கூடியிருந்தது. பெட்டிச் சாற்றை மருந்துபோல் வாங்கிக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஞாபக மறதி பற்றிய செய்திகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2010 ஆய்வில் புளூபெர்ரிச் சாறு குடித்தவர்கள் ஒன்பதே முதியவர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் பில்பெர்ரி ஜாம் தின்று இருட்டில் கூர்மையாகப் பார்த்தார்கள் என்ற கதையும் உலவுகிறது. பின்னாளில் கவனமாக நடந்த சோதனைகள் இரவுப் பார்வையில் அப்படியொரு பலனைக் காணவில்லை.

இனி நம் நாவல். ஆனி, ஆடியில் தள்ளுவண்டிகளில் குவியும் இந்தப் பழத்தில் டெல்பினிடின், பெட்டுனிடின், மால்விடின் நிறமிகள் தாராளமாக உண்டு. புளூபெர்ரியிலும் இவை இருந்தாலும், ஒட்டியிருக்கும் சர்க்கரை மூலக்கூறுகளின் அமைப்பு வேறு. எனவே புளூபெர்ரியை வைத்துக் கண்ட முடிவை அப்படியே நாவலுக்கு எழுதிவைப்பது சரியல்ல. பழத்தை உண்ணக் கொடுத்து ரத்தநாளத்தை அளந்து பார்க்கும் அதே தரமான பெரிய சோதனை நாவலுக்கும் வேண்டும். நம் ஊரில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பழத்துக்கு அந்தக் கவனம் கிடைக்காதது எனக்கு வருத்தம்.

சர்க்கரைக்கு நல்லது என்று நாவலைப் பற்றிச் சொல்லும்போது பழம், கொட்டை, இலை மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். ஊதா நிறமி இருப்பது தோலிலும் சதையிலும். பொடியாக விற்கும் கொட்டையில் முக்கியமாக இருப்பவை துவர்ப்புச் சேர்மங்கள். ஆகவே கொட்டைப் பொடியின் பலனையும் ஆந்தோசயனினையும் முடிச்சுப் போடுவதில் பொருளில்லை. கொட்டைப் பொடி சர்க்கரையைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. மனிதர்களிடம் நடந்தவை சிறியவை. பிரேசிலிலும் நாவல் இலைக் கஷாயம் சர்க்கரைக்கான நாட்டு மருந்தாகப் புழங்குகிறது. அங்கே போர்ட்டோ அலெக்ரே நகர ஆய்வாளர்கள் அதை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது, ரத்தச் சர்க்கரை குறையவில்லை.

பழத்தைப் பழமாகத் தின்பதில் தயக்கம் வேண்டாம். சூடும் வெளிச்சமும் ஆந்தோசயனினைச் சிதைக்கும் என்பதால் காய்ச்சிய ஜாமைவிடப் புதுப் பழம் மேல். மிஞ்சியதை உறைபெட்டியில் வைத்தால் நிறமி ஓரளவு தங்கும். கொட்டைப் பொடியோ பெர்ரிச் சாற்று மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், அதைத் தங்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை எகிறும். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் சிலருக்கு அளவு சட்டென்று இறங்கவும் வாய்ப்புண்டு.