திருத்தியது ஒரு வரி, காத்திருப்பு ஏன்?

"ஒரு வரியைத் திருத்திட்டு மறுபடியும் பில்ட் செய்தால் ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது, டீச்சர்?" என்று மாணவர்கள் கேட்டால், நம்ம நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டத்தைச் சொல்லுங்கள். எந்த நிரையை வெட்டணும்னு முடிவு செய்ய, மண்டோர் தினமும் பெரட்டில் எல்லாக் கணக்குப் புத்தகத்தையும் புரட்டினால் வெயில் ஏறிடும், பால் குறைஞ்சிடும்.

ஆண்ட்ராய்டிலும் முன்பு இதே சிக்கல்தான் இருந்தது. 'மேக்' நிரலும் மாறிய கோப்பை மட்டும்தான் தொகுக்கும்; ஆனால் அதை முடிவு செய்ய ஒவ்வொரு முறையும் எல்லா மேக்ஃபைல்களையும் படிக்கும். கூகுளின் 'காட்டி' நிரல் அவற்றை ஒரு முறை படித்து, 'நிஞ்சா' கோப்பாக மாற்றி வைக்கிறது. அடுத்த முறை நிஞ்சா அந்தத் தயார்ப் பட்டியலைப் பார்த்தே வேலையைத் தொடங்கிடும். மேக்ஃபைல் மாறினால் மறுபடியும் மாற்றணும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 இந்த முறையைப் பயன்படுத்தியது.

தேர்வில் மறக்காமல் எழுதுங்கள்: மிச்சமாவது தொகுக்கும் நேரம் இல்லை, படித்து முடிவு செய்யும் நேரம்.