தாய்வீட்டிலிருந்தே புகார் கொடுக்கலாம்

விழுப்புரத்தில் எங்கள் பள்ளிக்கு, கல்வியாண்டின் நடுவில் டி.சி. இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மார் உண்டு. கணவரின் அடி தாங்காமல் திண்டிவனத்திலிருந்து தாய்வீடு வந்தவர்கள். புகார் கொடுக்க அந்த ஊருக்கே திரும்பிப் போக வேண்டும் என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

போக வேண்டியதில்லை. 1983இல் வந்த 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளாக உள்ளது. கணவரோ அவர் உறவினரோ கொடுமை செய்தால் மூன்றாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. மனநலத்தைக் கடுமையாகக் கெடுப்பதும் கொடுமையே. தஞ்சம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே விழுப்புரம் மகளிர் காவல் நிலையமே போதும்.

"ஜெயிலெல்லாம் வேணாம் டீச்சர், அடிக்காம இருந்தா போதும்" என்பவர்களே அதிகம். அவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. தற்போது தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவரிடமே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் மனுவுக்கு உதவுவார். ஆணை வெறும் காகிதம் அல்ல. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல் நிலைய ஜாமீன் கிடையாது. வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தரும்.

அவசரத்துக்கு 181, பிள்ளைக்கும் அடி விழுந்தால் 1098. டி.சி. வரத் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். முதலில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோம், டி.சி.யைப் பள்ளிகளுக்குள் பேசி வாங்கிக்கொள்ளலாம்.