தீவகத்துக்கு வரும் நாய்க்குட்டிகளும் பிரதேச சபைகளின் அதிகாரமும்

நாய் வளர்ப்பவரைப் பதிவேட்டில் ஏற்றிய இலங்கைச் சட்டம், குட்டி ஈனவைத்து விற்பவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1893ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விசர்நோயைப் பற்றியது. 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் உரிமையாளர் ஆண்டுதோறும் நாயைப் பதியவேண்டும் என்கிறது. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் விதித்த உச்சத் தண்டப்பணமோ 100 ரூபா. விற்கப்படும் குட்டியின் வயது என்ன, தாய்நாய் எத்தனை முறை ஈன்றது என்ற கேள்விகள் இவற்றில் எழவே இல்லை.

யாழ்ப்பாணத் தீவகத்தில் நாய்களைப் பதியும் பொறுப்பு காரைநகர், ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு ஆகிய பிரதேச சபைகளைச் சேரும். நயினாதீவு வேலணைச் சபைக்குள் அடங்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி, அதாவது சபை தன் எல்லைக்குள் நடைமுறைப்படுத்தும் விதி, ஆக்கும் அதிகாரத்தைத் தருகிறது என்றாலும், கடைக்கு உரிமம் கேட்கும் விதியால் மட்டும் பயன் குறைவு. ஏனெனில் கைப்பேசியில் விலைபேசி முடித்த குட்டி பண்ணைப் பாலத்தைக் கடந்தோ குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறியோ வந்துவிடும், கடை என்ற ஒன்று இடையில் தேவையே இல்லை.

இனவிருத்தி வணிகம் ஓய்ந்தபின் விலங்குக்கு நேர்வதைக் காண நெடுந்தீவைவிட வேறிடம் தேடவேண்டியதில்லை. ஐரோப்பியர் ஆட்சியில் அங்கே குதிரைகள் இனவிருத்தி செய்யப்பட்டன. லாயங்களின் இடிபாடுகள் இன்றும் நிற்க, அக்குதிரைகளின் வழிவந்தவை கட்டாக்காலிகளாக வெட்டவெளியில் மேய்ந்து, வறட்சிக் காலத்தில் தண்ணீருக்குத் தவிக்கின்றன. குதிரைக்காவது சுற்றுலாப் பயணியின் பரிவு உண்டு. கைவிடப்பட்ட பெட்டைநாய்க்கு அதுவும் இல்லை.

பிறநாடுகள் விற்பனையின் மூலத்தையே பிடித்தன. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் வணிகமாக விற்க முடியாது. வாங்குபவர் இனவிருத்தி செய்பவரிடமோ மீட்பகத்திடமோ நேரே செல்லவேண்டும். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு விதிகள் இனவிருத்தி செய்வோரைப் பதியச் சொல்வதோடு, எட்டு வாரம் நிறையாத குட்டியின் விற்பனையையும் தடுக்கின்றன. இலங்கையிலோ சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் நெடுங்காலம் கோப்பிலேயே கிடந்தது.

தனித்தனியாக நான்கு சபைகள் நான்கு உபவிதிகள் ஆக்கினால் வணிகம் அடுத்த சபையின் எல்லைக்கு நகரும் என்பதால், 1952ஆம் ஆண்டின் நியம உபவிதிகள் சட்டவழியே ஒரே வரைவை எல்லாச் சபைகளும் ஏற்பதே பொருத்தம். அதுவரை, நாய்ப் பதிவுப் படிவத்தில் குட்டி எவரிடம், எந்த வயதில் வாங்கப்பட்டது என்ற இரண்டு நிரல்களைச் சேர்த்தாலே விற்பவரின் பெயர் முதன்முறையாகச் சபையின் கண்ணில் படும்.