கொண்டை ஊசி வளைவும் சென்னை மோட்டாரும்

மோட்டார் வண்டியின் அழகைக் கடற்கரைச் சாலையிலே காணலாம். அதன் குணத்தை அறிய மலைப்பாதைக்குத்தான் செல்லவேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. தலைச்சோலை முதலிய சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு அவ்வழியே செல்வோர் அவற்றையெல்லாம் ஏறி இறங்கியாக வேண்டும். அப்பாதையை மனத்திற் கொண்டு, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் செய்த இரு மாடல்களை ஒப்பிடுவோம்.

முதலாவது, 1961-இல் வெளிவந்த ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலொட்டி உருவமைத்து, 1959-இல் இங்கிலாந்தில் பிறந்த வண்டியின் இந்திய வடிவம் இது. கதவுகள் இரண்டு, எஞ்சின் 948 சி.சி. சுமார் 25 அடி விட்டத்துக்குள் வட்டமிட்டுத் திரும்பிவிடும். குறுகிய வளைவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் சூக்ஷ்மம் பின் அச்சில் இருக்கிறது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே அசைபவை. ஒன்று பள்ளத்தில் விழுந்தாலும் மற்றதற்கு அதிர்ச்சி அதிகமில்லை. எனினும், வேகமாக வளைந்துகொண்டே திடீரென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்புறம் மேலெழும். வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். பிடிப்புக் குறைந்து வால் வீசும். ஒரு பக்கம் பாதாளமாயிருக்க, இது விளையாட்டன்று.

இக்குறை ஹெரால்டுக்கு மட்டுமே உரியதன்று. ஜெர்மானியரின் புகழ்பெற்ற போர்ஷே 356 கூபேயிலும் இத்தகைய அச்சே இருந்தது. அடுத்து வந்த 911-இல் அதைக் கைவிட்டனர். அப்படியும் வால் வீசும் சுபாவம் முற்றும் அடங்கவில்லை. ஆகவே 1969 மாடலில் முன் பின் சக்கரங்களின் இடைவெளியை 2,211 மில்லிமீட்டரிலிருந்து 2,268-ஆக நீட்டினர். 57 மில்லிமீட்டர், அதாவது மூன்று விரற்கடை!

இரண்டாவது, 1972-இல் வந்த கஸெல். எஞ்சின் பழையதே, கதவுகள் நான்கு. ஆடும் அச்சு நம் வண்டி உடைமையாளருக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை என்பதால், இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் உறுதியான அச்சை வைத்தனர். மேடுபள்ளத்தில் குலுக்கல் சற்று மிகும். வளைவிலோ சக்கரம் மடங்காது. பழுது பார்ப்பதும் எளிது.

எனவே சமவெளிச் சவாரிக்கு ஹெரால்டு சுகமானது. குழந்தை குட்டிகளோடு மலையிறங்கக் கஸெலே மேல். இன்றும் பழைய ஹெரால்டைப் போற்றி வைத்திருப்போர், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறிய கியரிலேயே இறங்குவார்களாக.

கஸெல் சிறு எண்ணிக்கையில்தான் செய்யப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் அதன் உற்பத்தியும் நின்றது. ஆயினும் அது கற்பித்த பாடம் நிற்கிறது. அயல்நாட்டு யந்திரத்தை அப்படியே கட்டித் தருவது சுதேசித் தொழிலாகாது. நம் பாதையையும் நம் தொழிலாளியின் கையையும் அறிந்து அதைத் திருத்துவதே சுதேசித் தொழிலாகும்.