அறுவடைக்குப் பின் வரப்பில் வந்து நிற்பவர்கள்

சம்பா அறுவடை முடிந்த வயலைத் தேடிப் பகலில் வைக்கோல் வியாபாரி வருவார். இரவில் தலையில் பேட்டரி லைட் கட்டிக்கொண்டு, நாயும் வலையுமாக முயல் பிடிக்கிறவர்கள் வருவார்கள். வயலில் இறங்கிக்கொள்ளலாமா என்றுதான் இருவருமே கேட்பார்கள். வைக்கோல்காரருக்குச் சரி சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேட்டைக்காரருக்குச் சரி சொல்ல, பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் உரிமை கிடையாது. பலருக்கு இது தெரியாமல் இருப்பதால்தான் இந்தக் கட்டுரை.

வைக்கோல் பேரம் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசலாம், கட்டுக்கு இவ்வளவு என்றும் பேசலாம். கட்டுக் கணக்கென்றால் இயந்திரம் வயலில் கட்டிப் போடும்போதே உங்கள் ஆள் ஒருவர் நின்று எண்ண வேண்டும். லாரியில் அடுக்கிய பிறகு எண்ண முடியாது. ஆனால் பெரிய நஷ்டம் எண்ணிக்கையில் வருவதில்லை. முன்பணம் கொடுத்த ஆள் சொன்ன நாளில் வராமல் போவார். அதற்குள் ஒரு மழை பெய்தால் வைக்கோல் கறுத்துவிடும். டெல்டாவில் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெல் நிற்கும் வயலில் உளுந்து தெளித்துவிடுவார்கள். தாமதமாக இறங்கும் டிராக்டர் முளைத்த உளுந்தின் மேல்தான் ஓடும். அதனால் விலையைவிடத் தேதியை அழுத்திப் பேசுங்கள். விலை, முன்பணம், எடுக்க வேண்டிய கடைசி நாள், வண்டி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பி, பதில் வாங்கி வையுங்கள்.

கடன் தவணை பேசியிராவிட்டால், முழுப் பணமும் வரும்வரை சரக்கைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இடம் தருகிறது. எடுத்துக்கொள்ளச் சொல்லியும் நியாயமான காலத்துக்குள் எடுக்காவிட்டால், அதனால் வரும் நஷ்டத்தை வாங்கியவரிடம் கேட்கலாம். லாரி வரப்பைத் தாண்டிவிட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும். அதன்பின் பாக்கிக்கு 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டியதுதான். காசோலை திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அது அவர் கைக்குப் போய் 15 நாளாகியும் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. இன்னொன்று, வயலுக்கு மேலே மின்கம்பி தாழ்ந்து தொங்கினால் பாரம் ஏற்றுவதற்கு முன்பே மின்வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள். வைக்கோல் லாரி கம்பியில் உரசித் தீப்பற்றுவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது.

இனி வேட்டைக்கு வருவோம். "முயல்தானே" என்று விட்டுவிடுகிறோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது எல்லாமே வேட்டைதான். முயன்றாலே குற்றம். முயலும் காட்டுப்பன்றியும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மயிலும் உடும்பும் முதல் அட்டவணை. அதற்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. துணைபோனவருக்கும் இதே சட்டம்தான். நிலத்தைத் திறந்துவிட்டுக் கறியில் பங்கு வாங்கியவர் "நான் வேட்டையாடவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

காட்டுப்பன்றி ஒரே இரவில் கடலைக் காட்டை உழுதுபோட்டால் எந்த விவசாயிக்கும் வயிறு எரியும். அந்த ஆத்திரத்தில்தான் பலர் வேட்டைக்காரரை அழைக்கிறார்கள், நாட்டுவெடியான அவுட்டுக்காயை வைக்க விடுகிறார்கள், மோட்டார் கொட்டகையிலிருந்து வேலிக்கு மின்சாரம் இழுக்கிறார்கள். அவுட்டுக்காய் பன்றிக்கென்று காத்திருக்காது. மேயப் போன மாடு கடித்தாலும் தாடை சிதறும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் இறந்தன, நிலத்துக்காரர் கைதானார். அதே ஆண்டு மின்வேலிகளுக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சூரியமின் வேலி போடுவதானாலும் முதலில் வனத்துறையில் கேளுங்கள்.

பன்றித் தொல்லைக்கு முறையான வழி இருக்கிறது. சேதமான பயிரை அப்படியே விட்டு, நிலத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கப்படும் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. அதுவும் வனத்துறையினருக்கு மட்டும்தான். நீங்களோ, நீங்கள் கூட்டிவரும் ஆளோ சுடக் கூடாது.

இரவில் கேட்காமல் நுழைந்தவர்களிடம் தனியாகப் போய் மல்லுக்கு நிற்காதீர்கள், கையில் நாட்டுத்துப்பாக்கி இருக்கலாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 112க்கும் வனச்சரகத்துக்கும் சொல்லுங்கள். அத்துமீறலுக்குத் தனி வழக்கும் உண்டு. மறுநாள் வரப்பில் செத்த விலங்கைக் கண்டால் புதைத்துவிடாதீர்கள். வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் சொத்து. அது உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்தாக வேண்டும்.