ரன்: ஓடாத இடத்திலும் ஓடும் ஒரு வார்த்தை

இன்னைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்: ரன். "இது எல்.கே.ஜி. பாடமாச்சே"ன்னு தோணும். நானும் அப்படித்தான் நினைச்சேன், வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மீட்டிங் வரைக்கும்.

"ஹூ இஸ் ரன்னிங் திஸ் ரிலீஸ்?"னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு, "இட் இஸ் ரன்னிங் ஃபைன் சார்"னு சொன்னேன். அவங்க கேட்டது, அதைப் பொறுப்பா நடத்துறது யாருன்னு. அந்தப் பொறுப்பு என்னோடதுதான். "நான்தான்"னு சொல்லாததால அடுத்த ரிலீஸ் வேறொருத்தர் கைக்குப் போயிடுச்சு.

தப்பு எங்கே? புரோகிராமை ரன் பண்ணியே பழகின நமக்கு அந்த ஒரு அர்த்தம்தான் முதல்ல வருது. ஆனா ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த வினைச்சொல்லை ஆராய்ந்த பீட்டர் கில்லிவர், 9 மாசம் உழைச்சு 645 பொருள் கண்டுபிடிச்சார்.

645-ஐயும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ரன்னுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க.

பின்னாடி எதுவும் இல்லைன்னா பெரும்பாலும் 'ஓடு': பஸ் ஓடுது, மோட்டார் ஓடுது. ஒரு பொருளோ அமைப்போ வந்தா தமிழ் வேற வார்த்தைக்கு மாறிடும். 'ரன் எ ஷாப்'னா கடை நடத்துறது. பௌர்ணமிக்கு நம்ம திருவண்ணாமலைக்கு 'ரன் ஸ்பெஷல் பஸஸ்'னா, பேப்பர்ல வர்ற மாதிரி சிறப்புப் பேருந்துகளை இயக்குறது. தமிழ்ல ஓடு, ஓட்டு, நடத்து, இயக்குன்னு பிரிஞ்சு நிற்கிற வேலையை இங்கிலீஷ்ல ஒரே சொல் செய்யுது.

சில இடத்துல அசைவே இருக்காது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். 'த பாத் ரன்ஸ் அரவுண்ட் த ஹில்'னு எழுதலாம். தமிழ்ல பாதை ஓடாது, மலையைச் சுத்திப் போகும். தேர்தல் இன்னும் சுவாரசியம்: அமெரிக்காவுல வேட்பாளர் 'ரன்' பண்றார், பிரிட்டன்ல 'ஸ்டாண்ட்' பண்றார். நம்ம ஊர்லயும் தேர்தல்ல நிற்கத்தான் செய்றாங்க!

ஆபீஸ்ல அதிகம் காதுல விழுறது கூட ஒட்டிக்கிட்டு வர்ற சின்னச் சொற்கள். 'ரன் அவுட் ஆஃப் டைம்'னா நேரம் தீர்ந்துபோறது. 'ரன் இன்டு அன் இஷ்யூ'னா எதிர்பாராம ஒரு சிக்கல்ல மாட்டுறது. 'ரன் இட் பை மீ'ன்னு மேனேஜர் சொன்னா, எதையும் ஓட்டிக் காட்டச் சொல்லலை. செய்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோன்னு அர்த்தம்.

அப்பவும் புரியலைன்னா? "யூ மீன், ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள்?"னு திருப்பிக் கேளுங்க. கேட்குறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. அன்னைக்கு நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.